12.5 வோல்ட் காட்டும் இன்வெர்ட்டர் பேட்டரி: மாற்றித்தான் ஆக வேண்டுமா?

வைகைக்கரை (மதுரை)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) கொள்ளளவுள்ள, தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கும் உயர ட்யூபுலர் பேட்டரி ஒன்றும் சைன் வேவ் இன்வெர்ட்டர் ஒன்றும் இருக்கின்றன. வாங்கி மூன்று ஆண்டு முடிந்துவிட்டது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினால், இரண்டு மின்விசிறி, நான்கு எல்இடி விளக்கு, வைஃபை பெட்டி எல்லாவற்றையும் பிற்பகல் வரை தாங்கிக்கொண்டிருந்தது. இப்போது ஒரு மணி நேரம் ஆவதற்குள் இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கிவிடுகிறது. இத்தனைக்கும் சார்ஜ் முடிந்ததற்கான பச்சை விளக்கு எப்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

கடையிலிருந்து வந்தவர் வயரைக் கழற்றிச் சற்று நேரத்தில் மீட்டரை வைத்துப் பார்த்தார். 12.5 வோல்ட். “நல்ல பேட்டரி 12.7 காட்ட வேண்டும், இது முடிந்துவிட்டது. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். இலவசமாக மாற்றித் தரும் வாரண்டிக் காலம் போய்விட்டது. தண்ணீர் விஷயத்தில் நான் அலட்சியமாக இருந்ததில்லை. சொல்லப்போனால் இந்த பேட்டரியில் தண்ணீர் குறைவதே அபூர்வம்.

பேட்டரி இருப்பது மாடிப்படிக்குக் கீழே, மேற்குச் சுவரை ஒட்டி. நான் அடிக்கடி வெளியூர் போகிறவன், வீட்டில் அம்மா தனியாக இருப்பார். மாற்றத்தான் வேண்டும் என்றால் தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத ஏஜிஎம் பேட்டரியே வாங்கிவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரசமரம்

இந்த வெயிலில் மூன்று ஆண்டு உழைத்ததே பெரிது. யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். என் வீட்டிலும் அவ்வளவுதான் வந்தது.

மின்கம்பி (திருச்சி)

வைகைக்கரை தம்பி, பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். தொலைபேசி நிலையத்தில் பேட்டரி அறையைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவன் நான். 2 வோல்ட் செல்கள் 24 வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஆசிட் அடர்த்தியை அளந்து பதிவேட்டில் எழுதாமல் எந்தச் செல்லையும் நாங்கள் நல்லது என்றோ கெட்டது என்றோ சொன்னதில்லை.

அந்த 12.7 என்ற கணக்கு உங்கள் பேட்டரிக்கு உரியதே அல்ல. ஓய்வில் இருக்கும் ஈய-அமில செல்லின் வோல்டேஜ், ஏறத்தாழ ஆசிட் அடர்த்தியுடன் (தண்ணீரை 1 என்று வைத்துக்கொண்ட கணக்கு) 0.84ஐக் கூட்டினால் வருவது. கார் பேட்டரியில் நிறைந்த சார்ஜில் அடர்த்தி 1.270 அளவில் இருக்கும். அதனால் செல்லுக்கு 2.11, ஆறு செல்லுக்கு 12.66. நம் ஊர் வெப்பத்தைக் கருதி இன்வெர்ட்டர் ட்யூபுலர் பேட்டரிகளைப் பெரும்பாலும் 1.240 அளவில்தான் நிரப்புகிறார்கள். பேட்டரியின் மீது ஒட்டிய தாளில் 27 டிகிரிக்கு என்று போட்டு இந்த எண்ணை அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள். கூட்டிப் பெருக்கினால் 12.5 வருகிறது. அதாவது உங்கள் பேட்டரி முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது காட்ட வேண்டியதே 12.5தான். குளிர் நாட்டுக் கார்களுக்குப் போட்ட அட்டவணையை இணையத்தில் பார்த்துவிட்டு நம் ஊரில் எத்தனை நல்ல பேட்டரிகளைக் கழித்துக்கட்டுகிறார்களோ!

அதற்காக உங்கள் பேட்டரி நன்றாக இருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. சார்ஜிலிருந்து கழற்றியவுடன் பிளேட்டின் மேற்பரப்பில் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதல் வோல்டேஜ் நிற்கும். அப்போது எடுத்த அளவு எதற்கும் உதவாது. லோடும் சார்ஜும் இல்லாமல் ஓர் இரவு முழுக்க விட்டுவிட்டு அளக்க வேண்டும்.

ஆசிட் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள். கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை இருக்கும் சாதாரண வகையே போதும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் உறையும் போட்டுக்கொண்டு ஆறு செல்லிலும் ஆசிட்டை உறிஞ்சிப் பாருங்கள். மிதவை குழாயின் சுவரைத் தொடாமல் நிற்க வேண்டும், உங்கள் கண் திரவ மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். உறிஞ்சிய ஆசிட்டை அதே செல்லிலேயே திரும்ப விடுங்கள். தண்ணீர் ஊற்றிய கையோடு அளக்க வேண்டாம், அது கலக்க நேரம் பிடிக்கும். ஆசிட்டின் வெப்பம் 27 டிகிரியைத் தாண்டி இருந்தால் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 0.007 கூட்டிக்கொள்ளுங்கள். ஆறு எண்களையும் வரிசை மாறாமல் இங்கே எழுதுங்கள்.

இன்னொன்று. தண்ணீர் குறைவதே இல்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. இன்வெர்ட்டரின் பின்புறம் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் சிறிய சுவிட்ச் இருந்தால், அது எதில் நிற்கிறது என்றும் பாருங்கள்.

வேதிக்கூடம் (கோவை)

மின்கம்பி ஐயா சொன்னதற்கு அடியில் இருக்கும் வேதியியலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் பள்ளியில் பாடமாக நடத்துவதுதான்.

பிரான்சில் காஸ்டன் பிளான்டே 1859இல் செய்து காட்டிய பேட்டரியின் அடிப்படை இன்றும் மாறவில்லை. நேர்ப் பிளேட்டில் ஈய டை ஆக்சைடு, எதிர்ப் பிளேட்டில் பஞ்சு போன்ற ஈயம், நடுவே நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்கும்போது இரண்டு பிளேட்டுமே ஈய சல்ஃபேட்டாக மாறுகின்றன. அதற்குத் தேவையான சல்ஃபேட் அமிலத்திலிருந்துதான் போகிறது. எனவே அமிலம் நீர்த்துக்கொண்டே வருகிறது. சார்ஜ் ஏற்றினால் சல்ஃபேட் மறுபடி அமிலத்துக்குத் திரும்புகிறது. அமிலம் வெறுமனே மின்சாரத்தைக் கடத்திவிட்டு ஒதுங்கி நிற்பதில்லை, அதுவே வினையில் பங்கெடுக்கிறது. ஆகவே அதன் அடர்த்தியை அளந்தால் பிளேட்டில் என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

புதிதாக உண்டான ஈய சல்ஃபேட் மிக நுண்ணிய படிகம், எளிதில் கரையும். சார்ஜ் குறைந்த நிலையிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் அது பெரிய, கெட்டியான படிகமாக வளர்ந்துவிடும். பிறகு சாதாரண சார்ஜுக்கு அசையாது. அந்தச் சல்ஃபேட் பிளேட்டோடு சிறைப்பட்டுவிடுவதால் அடர்த்தி எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய அளவுக்கு ஏறாது. இந்த நிலையில் சில கடைகளில் ஆசிட்டை மாற்றித் தருகிறேன் என்பார்கள். அப்படிச் செய்தால் ஹைட்ரோமீட்டர் அழகாகக் காட்டும், ஆனால் பிளேட்டில் இழந்த கொள்ளளவு ஒரு துளியும் திரும்பாது. கூடுதல் அமிலத்தால் பிளேட் இன்னும் வேகமாக அரிக்கும். ஏற்கெனவே இருக்கும் பேட்டரிக்குத் தண்ணீரைத் தவிர எதையும் ஊற்றக் கூடாது.

நெய்தல்நிலம் (நாகப்பட்டினம்)

தண்ணீர் என்று சொன்னதும் கேட்கிறேன். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து பேட்டரிக்கு ஊற்றுவது எங்கள் தெருவில் பழக்கம். டிடிஎஸ் மீட்டரில் மிகக் குறைந்த எண்தான் வருகிறது. காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த நீர்தானே? இதில் என்ன கெடுதல்?

வேதிக்கூடம்

நீராவியாக இருந்த வரை அது தூய நீர்தான். ஆனால் அது படிவது ஏசியின் செம்புக் குழாயின் மீதும் அலுமினியத் தகட்டின் மீதும். அதோடு அறையின் தூசு, பூஞ்சை, உங்கள் ஊர் என்றால் கடற்காற்றின் உப்பு. எல்லாவற்றையும் கழுவிக்கொண்டுதான் வாளிக்கு வருகிறது. டிடிஎஸ் மீட்டர் உண்மையில் அளப்பது மின்கடத்தும் திறனை மட்டும். கரைந்திருப்பது எது என்று அதற்குத் தெரியாது. பேட்டரிக்கோ எது என்பதுதான் முக்கியம். இரும்பு மிகச் சிறிய அளவில் இருந்தாலும் நேர்ப் பிளேட்டுக்கும் எதிர்ப் பிளேட்டுக்கும் இடையே போய்வந்து, சும்மா இருக்கும் பேட்டரியின் சார்ஜைத் தின்றுகொண்டிருக்கும். செம்பு எதிர்ப் பிளேட்டில் படிந்து வாயு வெளியேற்றத்தைக் கூட்டும். குளோரைடு நேர்ப் பிளேட்டின் கம்பிச் சட்டத்தை அரிக்கும். தண்ணீர் ஆவியாகிப் போகும், இவை போகாது, ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் சேர்ந்துகொண்டே இருக்கும்.

வீட்டு ஆர்ஓ தண்ணீருக்கும் கடையில் விற்கும் குடிநீர் பாட்டிலுக்கும் இதே பதில்தான். பேட்டரிக்கென்று விற்கும் டிஸ்டில்டு வாட்டர் கேனின் விலை, பேட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மின்கம்பி

வேதிக்கூடம் அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரை சார்ஜ் முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். சார்ஜ் ஏறும்போது திரவம் விரிந்து மட்டம் உயரும். இறங்கிய பேட்டரியில், செல் மூடியில் நீர்மட்டத்தைக் காட்டும் மிதவை பச்சைக் கோட்டைத் தொடும் வரை ஊற்றிவிட்டு சார்ஜ் போட்டால் ஆசிட் பொங்கி மேலே வழியும். வழிந்தது ஆசிட், நீங்கள் அடுத்து ஊற்றப்போவது தண்ணீர், ஆகவே அந்தச் செல்லின் அடர்த்தி நிரந்தரமாகக் குறைந்துவிடும். பிளேட் வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், பிளேட் மூழ்கும் வரை முதலில் கொஞ்சம் ஊற்றிவிட்டு, சார்ஜ் ஏறிய பிறகு மீதியை நிரப்புங்கள்.

வைகைக்கரை

ஹைட்ரோமீட்டர் வாங்கி, இரவு முழுக்க எல்லா இணைப்பையும் கழற்றி வைத்துவிட்டுக் காலையில் அளந்தேன். நேர் முனையிலிருந்து வரிசையாக:

1.195, 1.190, 1.190, 1.195, 1.170, 1.190

மீட்டரில் 12.3 வோல்ட். இன்வெர்ட்டரின் பின்னால் சுவிட்ச் இருக்கிறது. ட்யூபுலர், பிளாட், எஸ்எம்எஃப் (மூடிய பேட்டரி) என்று மூன்று நிலை. அது எஸ்எம்எஃப் நிலையில் நிற்கிறது! பொருத்திய நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நாங்கள் அந்தப் பக்கம் கையே வைத்ததில்லை.

மின்கம்பி

நினைத்தது சரியாகப் போயிற்று. தம்பி, உங்கள் பேட்டரி மூன்று ஆண்டாக அரை வயிறுதான் சாப்பிட்டிருக்கிறது.

மூடிய பேட்டரிக்கு வாயு கிளம்பக் கூடாது என்பதால் எஸ்எம்எஃப் நிலையில் உச்ச வோல்டேஜைக் குறைத்து வைத்திருப்பார்கள். ட்யூபுலர் பேட்டரிக்கோ கொஞ்சம் கொதித்தாக வேண்டும். செல்லுக்கு 2.4 வோல்ட், அதாவது மொத்தம் 14.4ஐ ஒட்டித்தான் வாயுக் குமிழிகள் நன்றாகக் கிளம்பத் தொடங்கும். அந்தக் குமிழிகள்தாம் ஆசிட்டைக் கலக்குகின்றன. உயரமான செல்லில் கலக்கல் நடக்காவிட்டால் அடர்ந்த ஆசிட் அடியில் தங்கிவிடும், நீர்த்தது மேலே நிற்கும். பிளேட்டின் அடிப்பகுதி சல்ஃபேட் பிடித்துக் கெடும், மேற்பகுதி வேலையே செய்யாது. உங்கள் எண்களிலேயே இது தெரிகிறது. மேலே உறிஞ்சிய ஆசிட்டின் கணக்குப்படி 12.2 வோல்ட்தான் வர வேண்டும், மீட்டரோ 12.3 காட்டுகிறது. மிச்சம் அடியில் கிடக்கிறது. தண்ணீர் குறையாததற்குக் காரணமும் இதுதான். கொதிக்காத பேட்டரி தண்ணீர் குடிக்காது.

பச்சை விளக்கு எரிந்தது, தனக்கு அமைத்துக்கொடுத்த வோல்டேஜைத் தொட்டுவிட்டோம் என்று இன்வெர்ட்டர் தெரிவித்ததுதான். பேட்டரி நிறைந்துவிட்டதா என்று அந்த விளக்குக்குத் தெரியாது.

இனிச் செய்ய வேண்டியது. சுவிட்சை ட்யூபுலருக்கு மாற்றி, மின்சாரம் நிற்காத இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள். பிறகு பேட்டரியை ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோய், எல்லாச் செல்லையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரும் சமன்படுத்தும் சார்ஜ் கேளுங்கள். வீட்டு இன்வெர்ட்டரால் அந்த வோல்டேஜைத் தர முடியாது. 150 ஏஎச் பேட்டரிக்கு 5 ஆம்பியர் அளவில் குறைந்த கரண்ட். வோல்டேஜ் 15.5, 16 வரை போகும், போகட்டும். ஆறு செல்லிலும் குமிழி சீராக வர வேண்டும். மணிக்கு ஒருமுறை அடர்த்தியை எழுத வேண்டும், அடுத்தடுத்து மூன்று முறை எண் மாறாமல் நின்றால் முடிந்தது என்று பொருள். ஆசிட்டின் வெப்பம் 50 டிகிரியைத் தொட்டால் நிறுத்தி ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு அதிகக் கரண்ட் ஏற்றிவிட்டு “ஆகிவிட்டது” என்று சொல்லும் கடையில் கொடுக்காதீர்கள். எண்களைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஐந்தாவது செல்லின் மீது ஒரு கண் இருக்கட்டும். எல்லாம் ஏறி அது மட்டும் ஏறாமல் 0.030க்கு மேல் பின்தங்கி நின்றால் பேட்டரியின் முடிவு அந்தச் செல்லில் எழுதியிருக்கிறது. ஒரு செல் முழுவதும் ஷார்ட் ஆகிவிட்டால் மொத்த வோல்டேஜ் 10.5க்குப் பக்கத்தில் விழும், மற்ற ஐந்து செல்கள் அளவுக்கு மீறி சார்ஜ் வாங்கிக் கொதிக்கும், அழுகிய முட்டை நாற்றம் வரும். அப்படிப்பட்ட பேட்டரியை ஒரு நிமிடமும் சார்ஜில் வைக்கக் கூடாது.

மாடிப்படிக்குக் கீழே என்றீர்கள். பல வீடுகளில் அதற்கு நேர் மேலேயோ பக்கத்திலேயோ சாமி படம் வைத்து விளக்கு ஏற்றுவார்கள். இனி பேட்டரி உண்மையாகவே வாயு விடப்போகிறது. காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தால் தீப்பிடிக்கப் போதும். அந்த இடத்தில் அகல் விளக்கும் வேண்டாம், கற்பூரமும் வேண்டாம், காற்று வெளியேற வழி வேண்டும்.

மாடிவீடு (சென்னை)

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். ஐயா சொல்வதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இவ்வளவையும் யார் செய்வது? வைகைக்கரை கேட்டது தன் அம்மாவுக்காக. ஹைட்ரோமீட்டர், ஆசிட், கொதிக்கும் வாயு, இவற்றோடு வயதானவரைத் தனியே விடுவதைவிட ஏஜிஎம் வாங்குவதுதானே அறிவு? எங்கள் அடுக்ககத்தில் பால்கனி கிடையாது, பேட்டரி வரவேற்பறையில்தான் இருக்கிறது. ஏஜிஎம் போட்ட பிறகு நாற்றமும் இல்லை, வழியும் ஆசிட்டும் இல்லை.

தூக்குமேடு (சேலம்)

லிஃப்ட் பராமரிப்பில் இருக்கிறேன். மின்சாரம் நின்றால் லிஃப்டை அடுத்த தளத்துக்குக் கொண்டுவந்து கதவைத் திறக்கும் சாதனத்தில் இருப்பதும் மூடிய வகை பேட்டரிதான். கணினி யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் சின்னப் பெட்டியும் ஏஜிஎம்தான். இவற்றை மாற்றுவதே என் அன்றாட வேலை என்பதால் சொல்கிறேன்.

ஏஜிஎம்மில் ஆசிட் தளும்பாது, கண்ணாடி இழை விரிப்பு அதை உறிஞ்சி வைத்திருக்கும். நேர்ப் பிளேட்டில் உண்டாகும் ஆக்சிஜன் அந்த விரிப்பின் நுண்துளைகள் வழியே எதிர்ப் பிளேட்டுக்குப் போய் மறுபடி நீராகிவிடும். அதனால்தான் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ஆனால் வோல்டேஜ் அளவுக்கு மீறினால் வாயு அழுத்தம் கூடி வால்வு திறக்கும். அப்படிப் போன நீர் போனதுதான், ஊற்ற வழியே கிடையாது. சார்ஜ் ஏற்றும்போது 14.4 முதல் 14.7, நிறைந்த பிறகு 13.5 முதல் 13.8. இதைத் தாண்டவே கூடாது. மேலே சொன்ன சமன்படுத்தும் சார்ஜை ஏஜிஎம்முக்குக் கொடுத்தால் கொன்றுவிடுவீர்கள்.

அடுத்து வெப்பம். அந்த எண்கள் 25 டிகிரிக்கு உரியவை. ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் 12 வோல்ட் பேட்டரிக்குச் சுமார் 0.02 வோல்ட் குறைக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் மேற்குச் சுவரை ஒட்டிய மாடிப்படி அடியில் 40 டிகிரி சாதாரணமாக இருக்கும். அங்கே 0.3 வோல்ட் குறைக்காத சார்ஜர் தினமும் அளவுக்கு மீறிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சூடானால் பேட்டரி இன்னும் அதிகக் கரண்ட் இழுக்கும், இழுத்தால் இன்னும் சூடாகும். பக்கவாட்டுச் சுவர் வீங்கிய நிலையில் நான் கழற்றும் பேட்டரிகளெல்லாம் இந்தக் கதைதான். பெட்டிக்குள்ளிருந்து வெளியே எடுக்கக்கூட முடியாமல் சிக்கிக்கொள்ளும்.

வெப்பம் 8 முதல் 10 டிகிரி கூடினால் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது எல்லா வகைக்கும் பொருந்தும். ட்யூபுலரிலாவது போன நீரைத் திரும்ப ஊற்றலாம். எனவே மதுரை வெயிலுக்கும் அந்த இடத்துக்கும் என் ஓட்டு ட்யூபுலருக்கே. மாடிவீடு அவர்களின் வரவேற்பறைக்கு ஏஜிஎம் சரி, நானும் அதைத்தான் பரிந்துரைத்திருப்பேன்.

மாடிவீடு

வெப்பத்தைப் பற்றிச் சொன்னது நியாயம். ஆனாலும் வைகைக்கரை தன் வீட்டுக்குள் நிழலான ஓர் இடம் பார்த்து, வெப்பத்துக்கு ஏற்ப வோல்டேஜைக் குறைக்கும் இன்வெர்ட்டரும் வாங்கினால், அம்மாவுக்கு ஏஜிஎம்தான் நிம்மதி என்ற கருத்தில் நான் மாறவில்லை.

நெய்தல்நிலம்

ஏசி தண்ணீரை நிறுத்திவிட்டேன், வேதிக்கூடம் அம்மாவுக்கு நன்றி. கடலோரத்துக்காரர்களுக்காக இரண்டு விஷயம் எழுதுகிறேன்.

உப்புக் காற்றில் டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும். அதன் வழியே கரண்ட் சரியாகப் போகாமல் முனை சூடாகும். வெதுவெதுப்பான நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கரையும். மூடிகளை இறுக்கிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும், ஒரு சொட்டு சோடா நீர் உள்ளே போனாலும் ஆசிட் கெடும். துடைத்துக் காய்ந்த பின் போல்ட்டை முறுக்கி, அதற்கு மேல் வாசலின் தடவுங்கள். முறுக்குவதற்கு முன் தடவினால் தொடர்பு நன்றாகக் கிடைக்காது. வளையல், மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் மின்சாரம் திரும்ப வெகுநாள் ஆயிற்று. முதல் நாளே எல்லோர் வீட்டு பேட்டரியும் இறங்கிவிட்டது. அப்படியே காலியாகக் கிடந்தவை பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டும் எழவில்லை. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தவர்கள் கைப்பேசிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் போட்டதோடு பேட்டரிக்கும் சில மணி நேரம் கொடுத்தார்கள், அவர்களின் பேட்டரிகள் தப்பின. புயல் அறிவிப்பு வந்தால், இன்வெர்ட்டர் கத்தித் தானாக நிற்கும் வரை ஓட்டாதீர்கள். பாதியிலேயே நிறுத்திவிடுங்கள்.

கடைவீதி (ஈரோடு)

பேட்டரி விற்பவன் என்ற முறையில் நானும் பேசுகிறேன். கடைக்காரர்கள் எல்லோரும் 12.5ஐக் காட்டிப் புதிது தள்ளிவிடுகிறவர்கள் என்று இங்கே ஒரு தொனி வருகிறது. அது வருத்தமாக இருக்கிறது. வாடிக்கையாளர் நிற்கும்போதே லோடு டெஸ்டர் வைத்துக் காட்டி, பேட்டரி நன்றாக இருக்கிறது, வயர்தான் தளர்ந்திருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். பெட்டியின் மேல் குறியீடாக அடித்திருக்கும், கடைக்காரரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பல மாதம் கிடங்கில் கிடந்த பேட்டரி விலை குறைவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வாரண்டி அட்டையில் வரிசை எண்ணும் தேதியும் கடை முத்திரையும் உங்கள் கண்முன்னே விழ வேண்டும். “36 + 24 மாதம்” என்றால் முதல் 36 மாதம் இலவச மாற்று, அடுத்த 24 மாதம் புதியதன் விலையில் ஒரு பகுதி தள்ளுபடி மட்டுமே. இதைப் புரிந்துகொள்ளாமல் பிறகு சண்டை வருகிறது.

ஏஎச் எண்ணையும் கூர்ந்து பாருங்கள். 150 ஏஎச் சி20 என்றால் 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்தால் கிடைக்கும் அளவு. 30 ஆம்பியர் இழுத்தால் 5 மணி நேரம் வராது, 3 மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். சோலார் பேட்டரிகளில் பெரும்பாலும் சி10, அதாவது 10 மணி நேரக் கணக்கு, என்று போட்டிருப்பார்கள். அதே 150 என்ற எண்ணுக்கு அதில் சரக்கு அதிகம்.

இரண்டு பேட்டரி போட்ட 24 வோல்ட் இன்வெர்ட்டராக இருந்தால், ஒன்று கெட்டதும் அதை மட்டும் மாற்றித் தரச் சொல்வார்கள். பழையதும் புதியதும் ஒரே கரண்டில் வரிசையாக நிற்கும்போது பழையது முன்னதாக இறங்கும், சார்ஜில் புதியதற்கு ஒழுங்கான பங்கு கிடைக்காது. புதியதும் விரைவில் பழையதன் நிலைக்கு வந்துவிடும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

பழைய பேட்டரியை காயலான் கடைக்குப் போட்டால் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கலாம். தயவுசெய்து போடாதீர்கள். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022இன்படி பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. விற்பனையாளரிடம் எக்ஸ்சேஞ்சாகக் கொடுத்து, ரசீதில் அதை எழுதி வாங்குங்கள்.

வேதிக்கூடம்

கடைவீதி அவர்கள் கடைசியில் சொன்னதை நான் முதலில் வைப்பேன். பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம்தான். அதைத் திறந்தவெளியில் உடைத்து, ஆசிட்டை மண்ணில் கொட்டி, அடுப்பில் உருக்கும் இடங்களைச் சுற்றி வாழும் குழந்தைகளின் இரத்தத்தில் அந்த ஈயம் ஏறுகிறது. செனகல் நாட்டின் டாக்கர் நகரை ஒட்டிய தியாரோயே சுர் மேர் பகுதியில் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே 18 குழந்தைகள் இறந்தார்கள். பேட்டரி ஈயம் கலந்த மண்ணை வீட்டு வாசலில் சலித்ததுதான் காரணம். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில், அதாவது சுமார் 80 கோடிக் குழந்தைகளிடம், கவலைக்குரிய அளவு ஈயம் இருக்கிறது என்று யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. முறையற்ற பேட்டரி மறுசுழற்சியை முக்கியக் காரணங்களில் ஒன்றாக அது காட்டியது. ஈயம் மூளையில் செய்யும் சேதம் திரும்பச் சரியாவதில்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அந்தச் சில நூறு ரூபாய் நமக்கு வேண்டாம்.

வைகைக்கரை

சுவிட்சை மாற்றி சில நாள் விட்டு, பிறகு கடையில் சமன்படுத்தும் சார்ஜும் போட்டாயிற்று. அவர்கள் மணிக்கணக்கில் எழுதிய தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஓர் இரவு ஓய்வுக்குப் பின் அளவு:

1.235, 1.230, 1.235, 1.235, 1.215, 1.230

மீட்டரில் 12.4. நேற்று வேண்டுமென்றே மெயினை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன், முன்பு இருந்த அதே லோடு. மூன்று மணி நேரம் கத்தாமல் ஓடியது, நானாகத்தான் நிறுத்தினேன். பேட்டரியை மேற்குச் சுவரிலிருந்து வடக்கு வராந்தாவுக்கு மாற்றிவிட்டேன். புதிது வாங்கும் எண்ணத்தை இப்போதைக்கு ஒத்திவைக்கிறேன்.

மின்கம்பி

மிக நல்ல செய்தி. மூன்று ஆண்டு கெட்டித்த சல்ஃபேட் முழுவதும் கரையாது, புதிதில் கிடைத்த நேரம் திரும்ப வராது. ஐந்தாவது செல் 0.020 பின்தங்கியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை ஆறு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மின்வெட்டே இல்லாத மாதத்தில் ஒரு மணி நேரம் இன்வெர்ட்டரில் ஓட்டிவிட்டு மீண்டும் சார்ஜில் விடுங்கள். இனித் தண்ணீர் குறையும், அதற்காகப் பதற வேண்டாம். நீங்கள் ஊருக்குப் போகும்போது அம்மா மிதவைகளை மேலிருந்து பார்த்தால் போதும். சிவப்புக் கோட்டுக்கு இறங்கினால் மட்டும் உங்களுக்குச் சொல்லட்டும்.

பச்சைமலை (துறையூர்)

இழையின் நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் ஸ்கூட்டர் பேட்டரி 12 வோல்ட் 5 ஏஎச், மூடிய வகை. விடுதியில் தங்கிப் படிப்பதால் வண்டி மாதக்கணக்கில் நின்றுவிட்டது. இப்போது செல்ஃப் எடுக்கவில்லை, ஹாரனும் முனகுகிறது. மீட்டரில் 11.6. அப்பா இன்வெர்ட்டரின் சார்ஜ் வயரிலேயே மாட்டிவிடலாம் என்கிறார்.

தூக்குமேடு

வேண்டாம், தங்கை. 150 ஏஎச் பேட்டரிக்கு என்று செய்த சார்ஜர் 10 ஆம்பியருக்கு மேல் தள்ளும். 5 ஏஎச் பேட்டரிக்கு அரை ஆம்பியர்தான் அளவு. அவசரம் என்றாலும் 1 ஆம்பியரைத் தாண்டக் கூடாது. அந்த வயரில் மாட்டினால் சூடேறி வீங்கிவிடும்.

இருசக்கர வாகனத்துக்கென்று ஏஜிஎம் நிலை உள்ள சின்ன சார்ஜர் கிடைக்கும். எதிர் முனையை முதலில் கழற்றி, பேட்டரியை வண்டியிலிருந்து வெளியே எடுத்து, காற்றோட்டமான இடத்தில் வைத்து சார்ஜ் போடுங்கள். 14.4 வோல்ட்டில் நின்று, இழுக்கும் கரண்ட் வெகுவாகக் குறையும் வரை விடுங்கள். 12 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். இடையிடையே பக்கச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காத சூடு என்றால் நிறுத்திவிடுங்கள்.

எடுத்த பின் ஓர் இரவு தனியே வையுங்கள். காலையில் 12.7 அல்லது அதற்கு மேல் நின்றால் பேட்டரி பிழைத்தது. வண்டியில் நேர் முனையை முதலில் மாட்டி, எதிர் முனையைக் கடைசியில் மாட்டுங்கள். 12.4க்குக் கீழே இறங்கியிருந்தால் இன்னொரு முறை சார்ஜ் போட்டுப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் புதிதுதான். அடுத்த முறை விடுதிக்குக் கிளம்பும் முன், நன்றாக சார்ஜ் ஏற்றி எதிர் முனையைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். விடுமுறைக்கு வரும்போது ஒரு சார்ஜ் கொடுத்தால் போதும்.

பச்சைமலை

நன்றி அண்ணா. அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டிவிட்டேன். சின்ன சார்ஜர் வாங்கத் துறையூர் போகிறோம். அளவை நாளை இங்கேயே எழுதுகிறேன்.